சோஷலிசமும் தனிமனித சுதந்திரமும்: பகை எங்கே பிறக்கிறது?

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு 2025 ஜூன் 25-ஆம் தேதியுடன் ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்தன. மறுநாள் தில்லியில் பேசிய ஆர்எஸ்எஸ் பொதுச் செயலாளர் தத்தாத்ரேய ஹொசபலே, அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் 'சோஷலிச', 'மதச்சார்பற்ற' ஆகிய சொற்கள் நீடிக்க வேண்டுமா என்பது பற்றி விவாதம் தேவை என்றார். இச்சொற்களை நீக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 25-ஆம் தேதியே தள்ளுபடி செய்திருந்தது. இருந்தும் விவாதம் ஓயவில்லை. ஒரு தரப்பு அச்சொல்லை நெருக்கடி நிலையின் கறை என்கிறது. மறுதரப்பு அதை ஏழைகளின் காப்பரண் என்கிறது.

சொல் இருக்க வேண்டுமா என்ற இந்த வாதத்துக்குள் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது. சோஷலிசமும் தனிமனித சுதந்திரமும் ஒரே நாட்டில் சேர்ந்து வாழ முடியுமா? சமத்துவத்தை நாடும் அரசு, காலப்போக்கில் குடிமகனின் வாயையும் கையையும் கட்டியே தீருமா? இதற்கு விடை தேட நாம் வெளிநாட்டுத் தத்துவ நூல்களுக்குள் போக வேண்டியதில்லை. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் வரலாறே இந்தச் சோதனையைப் பலமுறை நடத்திப் பார்த்திருக்கிறது.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நிலம், ஆலை, வங்கி, அச்சகம் என எல்லா உற்பத்திச் சாதனங்களும் அரசின் கையில் இருப்பதே சோஷலிசம் என்பது ஒரு பொருள். பொருளாதார அதிகாரம் ஒரு சிலரிடம் குவிந்து, பிறரை அடிமைப்படுத்தாமல் சமூகம் தடுத்துக்கொள்வது என்பது இன்னொரு பொருள். அரசமைப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு பேசுவது இரண்டாவதைத்தான். சமுதாயத்தின் பொருள்வளங்கள் பொது நலனுக்கு உகந்தவாறு பங்கிடப்பட வேண்டும், செல்வம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்கிறது அது. 1949-ஆம் ஆண்டிலேயே அது எழுதப்பட்டுவிட்டது. முகப்புரையில் சோஷலிசம் என்ற சொல் ஏறியது 27 ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

அச்சொல்லைத் தொடக்கத்திலேயே சேர்க்க முயற்சி நடந்தது. 1948 நவம்பர் 15-ஆம் தேதி, அரசமைப்பு நிர்ணய சபையில் கே.டி. ஷா அதற்கான திருத்தத்தை முன்மொழிந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. சமூகம் எத்தகைய பொருளாதார அமைப்பில் வாழ வேண்டும் என்பதைக் காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே தீர்மானிக்க வேண்டும். அதை அரசமைப்புச் சட்டத்தில் பூட்டிவைப்பது மக்களின் அந்த உரிமையைப் பறிப்பதாகும் என்பது அவருடைய முதல் காரணம். வழிகாட்டு நெறிகளில் சோஷலிசத்தின் சாரம் ஏற்கெனவே இருக்கும்போது, தனியாக ஒரு முத்திரை தேவையற்றது என்பது இரண்டாவது காரணம்.

இதை வைத்து அம்பேத்கரைச் சோஷலிசத்தின் எதிரி என்று கருதிவிட முடியாது. 1947-இல் அவர் சமர்ப்பித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணம், முக்கியத் தொழில்களும் காப்பீடும் வேளாண்மையும் அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது. அதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதவும் கோரியது. இந்த இரண்டு நிலைப்பாடுகளுக்கும் இடையே முரண் தெரிகிறது. ஆனால், இரண்டுக்கும் அடியில் ஓடும் கவலை ஒன்றே. வேலையில்லாதவனுக்கு ஒரு வேலை கிடைக்குமானால், அதற்காகத் தன் அடிப்படை உரிமைகளை விட்டுக்கொடுக்க அவன் தயாராகிவிடுவான் என்பதை அவர் அறிந்திருந்தார். அரசு தலையிடாத இடத்தில் சுதந்திரம் தானாக முளைப்பதில்லை. அங்கே குத்தகையை உயர்த்த நில உரிமையாளருக்கும், வேலை நேரத்தை நீட்டிக்க முதலாளிக்கும்தான் சுதந்திரம் கிடைக்கிறது என்று அவர் வாதிட்டார். அதேவேளையில், சோஷலிசத்தைக் கொண்டுவரும் பொறுப்பு ஒரு சர்வாதிகாரியிடம் போய்விடக் கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதைத் தஞ்சைத் தரணி இரத்தத்தில் எழுதிக் காட்டியது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் செய்த குற்றம், கூலியைக் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான். அப்போது அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கம் வைக்கும் உரிமை, பேச்சுரிமை, உயிர்வாழும் உரிமை எல்லாம் ஏட்டில் இருந்தன. ஆனால், அந்தத் தொழிலாளர்கள் குடிசை போட்டிருந்த மண் மிராசுதாரருடையது. அவர்கள் உண்ட சோறு மிராசுதாரரின் வயலிலிருந்து வந்தது. 'முடியாது' என்று சொன்னால் வீடும் வேலையும் ஒரே நாளில் போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்குத் தனிமனித சுதந்திரம் என்பது என்ன?

1971-இல் தமிழ்நாடு அரசு, குடியிருப்பு மனைகளின் உரிமையை அவற்றில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கே வழங்கும் சட்டத்தை இயற்றியது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் கிராமப்புறங்களில் பத்து சென்ட் வரை வாங்கும் உரிமையைத் தந்தது. இவை சமத்துவ நோக்கில் எழுந்த சட்டங்கள். அவற்றின் விளைவோ முழுக்க முழுக்கத் தனிமனித சுதந்திரம். குடிசை தன்னுடையதானபோதுதான், ஒரு தொழிலாளி எந்தக் கொடியைப் பிடிப்பது, எந்தச் சின்னத்தில் வாக்களிப்பது, எந்தக் கூலிக்கு இறங்குவது என்பதைத் தானே முடிவெடுக்கத் தொடங்கினார். சோஷலிச நோக்கம் இங்கே சொத்துரிமையை ஒழிக்கவில்லை. சொத்தே இல்லாதவருக்கு ஒரு துண்டு மண்ணைத் தந்து அவரைச் சுதந்திரராக்கியது.

அப்படியானால் பகை எங்கிருந்து வந்தது? சுதந்திர இந்தியாவின் முதல் ஆண்டுகளிலேயே அதன் விதையைக் காணலாம். உச்ச நீதிமன்றத்தின் படியேறித் தனிமனித சுதந்திரத்துக்காக முதலில் வாதாடியவர்களில் இடதுசாரிகளே முன்னணியில் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் விசாரணையற்ற தடுப்புக் காவலை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் தன் எல்லைக்குள் நுழைவதைச் சென்னை மாகாண அரசு தடை செய்தது. அவர் உச்ச நீதிமன்றம் சென்று 1950 மே மாதத்தில் வென்றார். இவ்விரு வழக்குகளிலும் எதிர்மனுதாரர் சென்னை அரசுதான். சோஷலிசம் பேசியவர்களுக்கே தனிமனித சுதந்திரம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே முதலாவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் வந்தது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை நீதிமன்றத் தடைகளிலிருந்து காப்பது அதன் ஒரு நோக்கம். பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்வது இன்னொரு நோக்கம். அது சென்னை மாகாணத்தின் செண்பகம் துரைராஜன் வழக்கின் விளைவு. இவை இரண்டும் சமத்துவத்துக்குத் தேவையானவை. ஆனால், அதே திருத்தம் 'பொது ஒழுங்கு' உள்ளிட்ட புதிய காரணங்களைச் சேர்த்துப் பேச்சுரிமையையும் சுருக்கியது. ஜமீன் நிலத்தை உழுபவருக்குத் தருவதற்கும், ஒரு வார இதழின் வாயை அடைப்பதற்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை. ஏழைக்குத் தேவையானதையும் ஆட்சியாளருக்குத் தேவையானதையும் ஒரே மூட்டையில் கட்டும் வழக்கம் இங்கிருந்துதான் தொடங்கியது.

1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அந்த வழக்கத்தின் உச்சம். முகப்புரையில் 'சோஷலிச' என்ற சொல்லைச் சேர்த்த அதே திருத்தம், மக்களவையின் ஆயுளை ஐந்திலிருந்து ஆறு ஆண்டுகளாக நீட்டியது. அரசமைப்புத் திருத்தங்களை நீதிமன்றம் ஆராய முடியாது என்றது. எந்தவொரு வழிகாட்டு நெறியின் பெயரைச் சொல்லியும் சமத்துவ உரிமையையும் பேச்சுரிமையையும் மீறிச் சட்டமியற்ற வழிவகுத்தது. அப்போது நாட்டின் முன்னணி சோஷலிஸ்டுகளில் ஒருவரான ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையில் இருந்தார். 1934-இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜெயப்பிரகாஷ் நாராயணன், நெருக்கடி நிலையின் முதல் இரவிலேயே கைது செய்யப்பட்டு, உடல் நலிந்த பிறகே விடுவிக்கப்பட்டிருந்தார். சோஷலிஸ்டுகளைச் சிறையில் வைத்துவிட்டுச் சோஷலிசத்தை முகப்புரையில் எழுதிய விசித்திரம் அது.

அதனால் ஏழைகளுக்கு நன்மை விளைந்ததா என்றும் பார்க்க வேண்டும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அக்காலத்தில்தான் வந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், அச்சட்டத்தை இயற்றப் பத்திரிகைத் தணிக்கை தேவைப்பட்டிருக்கவில்லை. தணிக்கை இருந்ததால் நடந்தது வேறு. 1976-77 ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் பலர் கட்டாயப்படுத்தப்பட்ட ஏழைகள். தில்லி துர்க்மான் கேட் பகுதியில் எளிய மக்களின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. அவற்றை எழுத நாளிதழ் இல்லை, கேட்க நீதிமன்றம் இல்லை. சுதந்திரம் பறிபோனபோது முதலில் அடிபட்டவர்கள், யாருடைய பெயரால் அது பறிக்கப்பட்டதோ அவர்களே.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. 1958-க்கும் 1962-க்கும் இடையில் சீனத்தில் பஞ்சத்தால் கோடிக்கணக்கானோர் மாண்டனர். மிகக் குறைந்த மதிப்பீடே ஒன்றரைக் கோடி என்கிறது. விளைச்சலைப் பெருக்கிக் காட்டிய பொய்க் கணக்குகளை மறுத்து எழுதச் சுதந்திரமான பத்திரிகை இல்லை. தட்டிக்கேட்க எதிர்க்கட்சி இல்லை. சுதந்திரப் பத்திரிகையும் தேர்தலும் உள்ள ஜனநாயக நாட்டில் பெரும் பஞ்சம் நிகழ்ந்ததில்லை என்று அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியது இதனால்தான். அனைவருக்கும் உணவு என்ற சோஷலிச இலக்கை அடையவே பேச்சுரிமை தேவைப்படுகிறது.

சோஷலிசத்தை விமர்சித்தவர்களின் வாதத்திலும் வலுவான ஒரு பகுதி உண்டு. 1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணியிலான சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்தது. 1959-இல் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கி, 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்று பெயர் சூட்டி அந்தப் பாதையைச் சாடினார். தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிய நிலையில், குடிமகன் விண்ணப்பதாரனாகத் தாழ்ந்துபோவான் என்பது அவர் அச்சம். உரிமம் வழங்கும் முறையால் பெரும் தொழில் குடும்பங்களே மிகுதியாகப் பயனடைந்தன என்பதை 1967-இல் ஹசாரி அறிக்கை எடுத்துக்காட்டியது. சமத்துவத்தின் பெயரால் நிறுவப்பட்ட வாயிற்காவல், வசதி படைத்தவருக்கு மட்டுமே கதவைத் திறந்தது.

பொருளாதாரக் கட்டுப்பாடு கருத்துரிமைக்குள் எவ்வளவு எளிதாக நுழையும் என்பதற்கும் சான்று உண்டு. 1972-இல் மத்திய அரசு செய்தித்தாள் காகிதப் பங்கீட்டுக் கொள்கையின் மூலம் நாளிதழ்களுக்குப் பத்துப் பக்க வரம்பு விதித்தது. பெரிய நாளிதழ்களின் ஏகபோகத்தைத் தடுத்துச் சிறிய இதழ்களைக் காப்பதே நோக்கம் என்று அரசு வாதிட்டது. காகிதத்தைக் கட்டுப்படுத்துவது கருத்தைக் கட்டுப்படுத்துவதே என்று கண்டு, உச்ச நீதிமன்றம் அவ்வரம்பை ரத்து செய்தது. எல்லாக் காகிதமும் எல்லா அச்சகமும் அரசின் கையிலேயே இருந்திருந்தால், அந்த வழக்கை யார் தொடுத்திருப்பார்கள்? அனைத்தும் அரசுடைமை என்ற முதல் பொருளில் சோஷலிசம் தனிமனித சுதந்திரத்துடன் நெடுநாள் வாழ முடியாது என்பதற்கு இதுவே காரணம். அரசை எதிர்ப்பவருக்கு அரசே ஒரே முதலாளி என்றால், அவர் பிழைக்க வழியில்லை.

இரண்டாவது பொருளில் நிலைமை வேறு. 1976 செப்டம்பரில், அதாவது இந்திய நாடாளுமன்றம் 42-ஆவது திருத்தத்தை நிறைவேற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன், சுவீடனில் தேர்தல் நடந்தது. 1932 முதல் ஏறத்தாழ இடைவெளியின்றி ஆண்டுவந்த சமூக ஜனநாயகக் கட்சி தோற்று, அமைதியாகப் பதவி விலகியது. கல்வி, மருத்துவம், ஓய்வூதியம் என அந்தக் கட்சி கட்டியெழுப்பிய அமைப்பு அதற்குப் பின்னும் நிலைத்தது. தனியார் தொழில் தொடர்ந்த சுவீடனைச் சோஷலிச நாடு என்று அழைக்கலாகாது என்பவர்கள் உண்டு. நம் நாட்டிலேயே சான்று வேண்டுவோர் கேரளத்தைப் பார்க்கலாம். மேற்கு வங்கத்தில் 34 ஆண்டுகள் ஆண்ட இடது முன்னணி 2011-இல் வாக்குச்சீட்டுக்குத் தலைவணங்கியதைப் பார்க்கலாம். ஆட்சியாளரை மாற்றும் உரிமை மக்களிடம் இருக்கும்வரை சமத்துவக் கொள்கை சுதந்திரத்தை விழுங்குவதில்லை.

இந்தியாவின் நீதித்துறையும் நீண்ட தடுமாற்றத்துக்குப் பின் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமைகளுக்கும் வழிகாட்டு நெறிகளுக்கும் இடையிலான சமநிலையே அரசமைப்புச் சட்டத்தின் அடித்தளம் என்றது. மும்பையின் பழைய வாடகைக் கட்டடங்களைக் கையகப்படுத்துவது தொடர்பாக 1992 முதல் நிலுவையில் இருந்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 5-ஆம் தேதி தீர்ப்பளித்தது. தனியார் சொத்து ஒவ்வொன்றும் 'சமுதாயத்தின் பொருள்வளம்' ஆகிவிடாது. ஆனால், வளத்தின் தன்மை, அருமை, அது சிலர் கையில் குவிவதன் விளைவு ஆகியவற்றைப் பொறுத்துச் சில சொத்துகள் அவ்வாறு ஆகலாம் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். எந்தவொரு பொருளாதாரக் கோட்பாட்டுக்கும் அரசமைப்புச் சட்டம் நம்மைக் கட்டிப்போடவில்லை என்று அவர்கள் கூறியதில் 1948-ஆம் ஆண்டு அம்பேத்கரின் குரலைக் கேட்கலாம்.

இந்தப் பின்னணியில், முகப்புரையிலுள்ள சொல்லைப் பற்றிய இன்றைய சச்சரவைவிட நம் கவனத்துக்கு உரியவை இரண்டு உள்ளன. முதலாவது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு. 1989 முதல் நடைமுறையில் உள்ள இப்பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய விரும்பும் ஒவ்வொரு கட்சியும் சோஷலிசக் கொள்கைக்கு உண்மையாக இருப்பதாக உறுதியளிக்க வேண்டும். முகப்புரைச் சொல் யாரையும் எதையும் சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை. இந்த உறுதிமொழி கட்டாயப்படுத்துகிறது. 1967-இல் 44 இடங்களை வென்று மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக விளங்கிய சுதந்திரா கட்சியை ராஜாஜி இன்று தொடங்க வந்தால், தாம் எதிர்க்கும் கொள்கைக்கே உறுதிமொழி எழுதித் தர வேண்டியிருக்கும். சந்தைப் பொருளாதாரத்தை முழுமனதுடன் ஆதரிக்கும் கட்சிகளும் இன்று அந்த உறுதிமொழியில் கையொப்பமிடுகின்றன. கேட்பவருக்கும் நம்பிக்கையில்லை, தருபவருக்கும் நம்பிக்கையில்லை. சோஷலிசத்தை மதிப்பவர்களே இந்தப் பொய்யான உறுதிமொழியை நீக்கக் கோர வேண்டும். மக்களின் மனத்தை வென்று நிற்க வேண்டிய கொள்கை, படிவத்தின் ஒரு பத்தியாகச் சுருங்கியிருப்பது அதற்குப் பெருமை சேர்க்காது.

இரண்டாவது, நலத்திட்டங்கள் உரிமையாக வருகின்றனவா, உபகாரமாக வருகின்றனவா என்பது. 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டமும், 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் பயனாளியைக் கேள்வி கேட்கும் குடிமகனாக நிறுத்தின. ஆளும் கட்சி எதுவாயினும் அரிசியும் வேலையும் சட்டப்படி அவருக்கு உரியவை. இதற்கு மாறாக, தலைவரின் கருணையாகப் படம் போட்டு வழங்கப்படும் உதவி, பெறுபவரைக் கடன்பட்டவராக்குகிறது. பண்ணையார் இருந்த இடத்தில் கட்சியை அமர்த்துகிறது. ஏழைக்குச் சோறு போதும், சுதந்திரம் வசதி படைத்தவரின் கவலை என்ற எண்ணமும் ஆட்சியாளரிடம் அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்தரங்க உரிமை வழக்கில் மத்திய அரசின் தரப்பு ஏறத்தாழ இதையே வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது.

சுதந்திரம் என்பது நடைமுறையில் இருவரிடம் 'முடியாது' என்று சொல்லும் ஆற்றல். ஒருவர் கூலி கொடுப்பவர். மற்றவர் ஆட்சி செய்பவர். முன்னவரிடம் அதைச் சொல்வதற்கு ஏழைக்கு நிலமும் வேலையும் கல்வியும் மருத்துவமும் வேண்டும். அதைத் தருவதற்குச் சமத்துவ நோக்குடைய அரசு வேண்டும். பின்னவரிடம் சொல்வதற்குச் சுதந்திரப் பத்திரிகையும் நீதிமன்றமும் தேர்தலும் வேண்டும். இவற்றில் ஒன்றைத் தருகிறேன், மற்றதை விட்டுக்கொடு என்று எந்த அரசு கேட்டாலும், அது வலமோ இடமோ, அந்தப் பேரத்தை மக்கள் மறுக்க வேண்டும். 1951-லும் 1976-லும் ஏழைக்கான உரிமையோடு சேர்த்துக் கட்டப்பட்ட மூட்டையில் வேறென்ன இருந்தது என்பதை நாடு காலம் கடந்தே பார்த்தது. அடுத்த முறை சமத்துவத்தின் பெயரிலோ, வளர்ச்சியின் பெயரிலோ அத்தகைய மூட்டை நீட்டப்படும்போது, அதை வாங்குவதற்கு முன்பே பிரித்துப் பார்க்க வேண்டும்.